நேராக ஒட்டிய ஸ்டிக்கர்

எங்கள் வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டால் கிளிப்புகள் எல்லாம் ஒரே இடைவெளியில் நிற்கும். வாசலில் செருப்புகள் ஜோடி ஜோடியாகச் சுவரைப் பார்த்திருக்கும். அலமாரியில் டப்பாக்களின் பெயர்ச்சீட்டுகள் ஒரே உயரத்தில் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் இதெல்லாம் என் கைவண்ணம் என்று நினைத்துப் பாராட்டுவார்கள். நானும் மறுப்பதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒழுங்குக்கும் காத தூரம். எல்லாம் என் நாத்தனார் வேலை.

என் வீட்டுக்காரருக்கு ஆறு வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன், என் மகள் அத்தை என்பாள். வேலை செய்கிற இடத்தில் அவருக்குப் பெயர் 'நேர்கோடு'. வயது நாற்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "தம்பியை ஆளாக்கி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பார்த்த மாப்பிள்ளைங்க எல்லாம் தாத்தா ஆயிட்டாங்க" என்பார். மாமியார் இல்லாத வீட்டுக்கு வாழ்க்கைப்படுகிறோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு வந்தவள் நான். வந்த முதல் வாரமே கரண்டிகள் எந்த வரிசையில் தொங்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடந்தது. பதிமூன்று வருஷத்தில் சண்டை பழகிவிட்டது, வரிசைதான் இன்னும் பழகவில்லை.

முன்பு ஒரு காலண்டர் அச்சகத்தில் தாள் அடுக்கிக் கட்டும் வேலையில் இருந்தார். பதினாலு வருஷம். அத்தனை வருஷம் காலண்டர் கட்டியவர், இன்று என்ன தேதி என்று என்னைத்தான் கேட்பார். "கட்டறவங்க தேதி பார்த்தா கை நின்னுடும்" என்பார் அதற்கு. அச்சகத்தை மூடிய பிறகு துறைமுகச் சாலையில் உள்ள ஒரு குடோனில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் தின்பண்டப் பாக்கெட்டுகளில் நம் மொழி ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இந்தக் கதை தலையும் புரியாது, வாலும் புரியாது.

பிஸ்கட், சிப்ஸ், மாவு, சாஸ் எல்லாம் எங்கெங்கிருந்தோ கப்பலில் வரும். பாக்கெட்டின் பின்பக்கம் முழுக்க அந்த ஊர் எழுத்து. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பதை நம் மொழியில் போடாமல் கடைக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம். அதனால் நீளமான இரும்பு மேஜையைச் சுற்றி ஆறு பெண்கள் நின்றுகொண்டு, சுருளிலிருந்து ஸ்டிக்கரை உரித்து உரித்து ஒட்டுவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரம் பாக்கெட். பார்கோடை மறைக்கக் கூடாது. தேதியை மறைக்கக் கூடாது. கோணலாக இருந்தால் பெட்டியோடு திரும்பி வரும். கோணல் ஸ்டிக்கரைப் பார்த்தால் வாங்குகிறவனுக்குப் போலிச் சரக்கு என்று தோன்றுமாம்.

அண்ணி ஒட்டியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதற்கு அவர் வைத்திருந்த ஒரு சூட்சுமம் உண்டு. எந்த நாட்டுப் பாக்கெட்டாக இருந்தாலும், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் அந்தப் பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு வரியில் மட்டும் இரண்டு மூன்று வார்த்தை தடித்த எழுத்தில் இருக்கும். அது ஏன் தடித்திருக்கிறது என்று அண்ணி யோசித்ததில்லை. அழகுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டார். அந்த வரிக்குக் கீழே ஸ்டிக்கரின் மேல் விளிம்பைச் சேர்த்து வைத்தால் கண்ணை மூடிக்கொண்டும் நேராக வரும். புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். "கண்ணு வேற எங்கயும் போகக் கூடாது. தடிச்ச எழுத்தைப் பாரு, ஒட்டு. தடிச்ச எழுத்தைப் பாரு, ஒட்டு."

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுகத்திலிருந்து குடோனுக்கு அவர் ஏற்றிவந்து இறக்குவார், அவர் அக்கா ஒட்டுவார், என் மகள் தின்பாள். உலக வியாபாரம், உலக வியாபாரம் என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அதில் எங்கள் வீட்டுக்கு மூன்று பங்கு உண்டு. நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். எனக்கு அதில் பங்கில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் பொடிசு என்று கூப்பிடுவோம். மூன்று வயதில் யாரோ பாசத்தோடு கொடுத்த நிலக்கடலை உருண்டை ஒன்றைத் தின்று, முகமெல்லாம் வீங்கிப்போய், மூச்சுக்குத் தவித்தாள். அன்றோடு எங்கள் வீட்டில் கடலை என்ற பேச்சே கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே விதிதான்: எதை வாயில் போட்டாலும் முதலில் ஸ்டிக்கரைப் படி. அவளும் பத்திரிகை படிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் படிப்பாள். அதோடு இன்னொரு பழக்கமும் இருந்தது. தெருமுனைக் கடையில் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஸ்டிக்கர் மயிரிழை பிசகாமல் ஒட்டியிருப்பதைத் தேடி எடுப்பாள். "அண்ணாச்சி, இது எங்க அத்தை ஒட்டினது" என்று கடைக்காரரிடம் சொல்வாள். அவருக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அண்ணிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்துவிடும்.

இந்த நிலையில்தான் மரபணு விவகாரம் வந்தது.

மரபணு மாற்றிய பயிர்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, மக்களுக்குத் தெரியாமல் அவர்கள் தட்டில் விழுகின்றன என்று கூட்டம், ஊர்வலம், டிவியில் வாக்குவாதம். என் வீட்டுக்காரர் போனில் நாளுக்கு நாற்பது வீடியோ. லாரியிலிருந்து இறங்கினால் போன், சாப்பிடும்போது போன்.

"தக்காளிக்குள்ள மீனோட ஜீனை வெச்சிட்டானாம்" என்பார்.

"அப்போ அது சைவமா அசைவமா?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாம் விளையாட்டு. சோளத்தைப் பூச்சி தின்னா பூச்சி சாகுதாம். நாம தின்னா?"

"நாம என்ன பூச்சியா?" என்றாள் பொடிசு.

அவர் இன்னொரு வீடியோ போட்டார். அதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஒரு ஆபத்தும் இல்லை, கோடிப் பேர் சாப்பிடுகிறார்கள் என்றார். அடுத்ததில் இன்னொரு வெள்ளைக் கோட்டு நேர் எதிராகப் பேசியது. கடைசியாகப் பார்த்ததை நம்புவது அவர் வழக்கம். இத்தனைக்கும் அந்தச் சோளத்தைக் கன்டெய்னர் கன்டெய்னராக இழுத்துவருவது இவர்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள்.

கடைசியில் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. மரபணு மாற்றிய பொருள் இருந்தால் ஸ்டிக்கரில் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குடோனுக்குப் புதுச் சுருள்கள் வந்தன. பழையதைவிட ஒரு விரல் உயரம் அதிகம். கீழே பார்கோடு இருப்பதால் அந்தப் பக்கம் இறக்க முடியாது. அதனால் ஒரு விரல் மேலே ஏற்றி ஒட்டச் சொன்னார் சூப்பர்வைசர். புதுச் சூட்சுமத்தை அண்ணி பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்து மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிவிட்டார்: தடித்த எழுத்து வரி முழுசாக மூடும்படி வைத்தால் போதும், அளவு சரியாக இருக்கும்.

அன்று மாலை ஒரு மாதிரி ஸ்டிக்கரைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். 'மரபணு மாற்றப்பட்ட சோளத்திலிருந்து தயாரிக்கப்பட்டது' என்று இருந்தது.

"சரி, இதைச் சாப்பிடலாமா கூடாதா?" என்று கேட்டேன்.

அண்ணி ஸ்டிக்கரை முன்னும் பின்னும் திருப்பினார். "சாப்பிடலாம்னும் போடல, கூடாதுன்னும் போடல. மாத்தியிருக்குன்னு மட்டும் போட்டிருக்கு."

"அப்புறம் எதுக்கு இதைப் போடணும்?"

"அதை ஒட்டறவகிட்ட கேட்டா?" என்றார்.

பதினோரு வாரம் போனது. ஒரு சனிக்கிழமை மதியம் பொடிசு கடையிலிருந்து ஒரு சோள பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தாள். எங்கள் தெருக் கடைக்கு அது புதுச் சரக்கு. விதிப்படி வாசலில் நின்று ஸ்டிக்கரைச் சத்தமாகப் படித்தாள். சோளம், சர்க்கரை, எண்ணெய், உப்பு, இன்னும் என்னென்னவோ, கடைசியில் மரபணு. கடலை இல்லை. "ஒட்டினதும் அத்தைதான். எவ்ளோ நேரா இருக்கு பாரும்மா" என்று எனக்குக் காட்டினாள். நானும் பார்த்துத் தலையாட்டினேன்.

ஆறு பிஸ்கட் தின்றிருப்பாள். உதடு அரிக்கிறது என்றாள். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள், உதடு பலூன் மாதிரி இருக்கிறது என்று. அடுத்த இரண்டு நிமிஷத்தில் அந்தச் சிரிப்பு போய், குரல் கம்மி, மூச்சில் விசில் சத்தம் வந்தது. ஆட்டோ கிடைத்தது பிழைத்தோம். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அந்த அரை மணி நேரம் நான் என்ன பேசினேன், யார் காலைப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது.

டாக்டரம்மா நிதானமானவர். பிள்ளை தேறிய பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இந்தத் தடவை நேரத்துக்கு வந்துட்டீங்க. அடுத்த தடவை இதைவிட வேகமா வரலாம். எது ஒத்துக்கலைன்னு தெரிஞ்சே ஆகணும். பாக்கெட்டைக் கொண்டாங்க."

கொண்டுபோனோம். அவர் ஸ்டிக்கரைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"கடலை எதுவும் இல்லையே."

"மரபணு இருக்கு டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி.

"இருக்கு. ஆனா கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அதைச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் விடறாங்க. இதுவரைக்கும் நடந்த ஆராய்ச்சில மாத்தின பயிருங்கறதால மட்டும் இப்படி வந்ததா நிரூபணம் இல்லை. உங்க பொண்ணுக்கு வந்தது அப்படியே கடலைக்கு வர்ற மாதிரி இருக்கு. ஆனா இதுல கடலை இல்ல. சோளமே ஒத்துக்காம போயிருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்ப்போம். பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் சோளம் பட்ட எதையும் கொடுக்காதீங்க."

சோளம்தானே, விட்டால் போச்சு என்று வந்தேன். வீட்டுக்கு வந்து டப்பா டப்பாவாகப் படித்த பிறகுதான் சோளம் எங்கெல்லாம் புகுந்திருக்கிறது என்று தெரிந்தது. கஸ்டர்டு பவுடரில் சோளம். சாஸில் சோளம். மிட்டாயில் இனிப்புக்கு ஊற்றும் பாகு சோளம். காய்ச்சல் மாத்திரையில்கூட சோள மாவு என்றார் மருந்துக் கடைக்காரர். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பிள்ளைக்குப் பத்து நாளும் உருளைக்கிழங்கு, முட்டை, வாழைப்பழம். மூன்றாம் நாளிலிருந்து முட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். பிள்ளை தும்மினால் ஓடுவேன்.

அண்ணி அந்த நாட்களில் வேலைக்குப் போவார், வருவார், டப்பாக்களை அடுக்கினதையே அடுக்குவார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. சோளத்துக்கு ஒன்றும் இல்லை.

"சாதாரண சோளத்துக்கு இல்ல டாக்டர். மாத்தின சோளத்துக்கு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "இந்தச் சோதனை சோளத்துக்குப் பண்றது. நீங்க கேக்கறதுக்குன்னு தனிச் சோதனை எங்கிட்ட இல்ல. அது காரணமா இருக்கும்னு எனக்குத் தோணல. ஆனா அப்போ எது காரணம்னு கேட்டா, அதுவும் இப்ப எனக்குத் தெரியல." படித்த மனுஷி தெரியாது என்று சொன்னதற்கு நான் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்றே புரியவில்லை.

இவர் விடவில்லை. கம்பெனி மேல், குடோன் மேல், அரசாங்கத்தின் மேல் புகார் எழுதப் போகிறேன் என்று குதித்தார். ஸ்டிக்கரைப் பெரிதாக நகல் எடுத்துத் தரச் சொன்னார். மறுநாள் கடையில் பாக்கெட்டைக் கண்ணாடி மேல் வைத்து நாலு மடங்கு பெரிதாக எடுத்தேன். தாள் முழுக்க எழுத்து. கடைசியில் மரபணு, கட்டைவிரல் பருமனில். வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் விரித்தேன். மூன்று பேரும் குனிந்து படித்தோம். ஏற்கெனவே தெரிந்ததுதான், பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் வந்தது. "இதுக்கு அடியில என்ன இருக்கு அண்ணி?" என்று சும்மா கேட்டேன்.

"அந்த ஊர் எழுத்து. அதைத்தானே நம்ம பாஷையில மேல போட்டிருக்கு."

"எல்லாத்தையுமா?"

அண்ணி பாக்கெட்டைக் கையில் எடுத்து ஸ்டிக்கரின் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். அப்புறம் எழுந்துபோய் என் ஹேர் டிரையரை எடுத்துவந்தார். குடோனில் தப்பாக ஒட்டியதை அப்படித்தான் எடுப்பார்களாம். சூடு காட்டிக் காட்டி, ஒரு மூலையிலிருந்து பொறுமையாக உரித்தார். துளி கிழியவில்லை. உள்ளே எறும்பு எழுத்து. நடுவில் தடித்த எழுத்தில் மூன்று வார்த்தை.

எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் போனை எடுத்துப் படம் பிடித்தார். மீன் ஜீனும் பூச்சியும் காட்டிய அதே போன் ஒரு நொடியில் மொழிபெயர்த்துக் காட்டியது: 'நிலக்கடலைத் துகள் இருக்கலாம்.'

அண்ணி போனைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார், "அதுக்குத்தான் தடிச்சிருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். ஒரு விரல் உயரம் அதிகமான ஸ்டிக்கர் இருந்தால் போதும்.

எனக்கு அந்த நிமிஷம் அண்ணி மேல்தான் ஆத்திரம் வந்தது. நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் வந்தது. இத்தனை வருஷம் கரண்டியும் செருப்பும் கோணலாக இருந்தால் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியவர், என் பிள்ளை உயிர் இருந்த வரியை நேராக, அழகாக மூடியிருக்கிறார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. தட்டை வைப்பேன், நகர்ந்துவிடுவேன். அவரும் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் துலக்கும்போது பின்னால் வந்து நின்று, "என் கையாலதான் மூடினேன்மா. பன்னண்டு வாரத்துக்கு மேல" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. எனக்குத்தான் கை சோப்போடு அப்படியே நின்றுவிட்டது. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துலக்கினேன்.

அவர் குடோனில் விசாரித்தார். ஒரு பழைய சுருளின் மிச்சம் மூலையில் கிடந்ததாம். இத்தனை நாளில் முதல் தடவையாகப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்திருக்கிறார். பழைய ஸ்டிக்கரின் கடைசி வரி: 'நிலக்கடலைத் துகள் இருக்கலாம்.' புதியதில் அந்த இடத்தில் மரபணு.

சூப்பர்வைசரிடம் இரண்டையும் காட்டினார். அவர் சின்ன வயசுப் பிள்ளை, கெட்டவன் இல்லை. "மரபணுவைப் பெரிய எழுத்துல போடணும்னு உத்தரவு, இடம் பத்தலக்கா. அதைப் போடலைன்னா சரக்கைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க. துகள் இருக்கலாம்ங்கறது போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரி, சட்டத்துல கட்டாயம் இல்ல. மேல இருந்து எப்படி அடிச்சு வந்துச்சோ, அப்படி ஒட்டினோம்."

"கடைக்குப் போன பாக்கெட்டெல்லாம்?"

"போனது போனதுதானேக்கா. மேல எழுதிப் போடறேன்."

இதை வீட்டில் வந்து சொன்னபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அப்படியானால் குற்றம் யாருடையது? கப்பலில் அனுப்பியவன் தடித்த எழுத்தில் ஒழுங்காக எழுதித்தான் அனுப்பியிருக்கிறான். மக்களுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் நல்லதுக்குத்தான் போனார்கள். அரசாங்கம் அவர்கள் கேட்டதைத்தான் செய்தது. மரபணு நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனை வீடியோ பார்த்தும் என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. ஊரே அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தெரிந்த விஷயம் ஒன்று ஸ்டிக்கரிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. இவர் புகாரை எழுத ஆரம்பித்து, யார் பெயருக்கு எழுதுவது என்று தெரியாமல் மடித்து லாரியில் வைத்துவிட்டார்.

நாங்கள் தெருக் கடைக்காரரிடம் சொன்னோம். அவர் அந்த பிஸ்கட்டை எடுத்துவிட்டார். மற்றத் தெருக்களில்? எங்கோ இன்னொரு பிள்ளை வாசலில் நின்று சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கும்.

புதுச் சுருள் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரம் அண்ணி செய்ததை, குடோனில் அவரோடு நிற்கும் பெண் ஒருத்தி என் கடைக்கு நகல் எடுக்க வந்தபோது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நேர்கோடு கோணலாக ஒட்டினாராம். வேண்டுமென்றே. ஸ்டிக்கரின் ஒரு பக்கத்தை இறக்கி, தடித்த எழுத்தின் வால் வெளியே தெரியும்படி. முதல் நாள் நாலு பெட்டி திரும்பி வந்தது. "என்னக்கா, கண்ணு தெரியலையா? கண்ணாடி போடுங்க" என்றாராம் சூப்பர்வைசர். "வயசாச்சுப்பா" என்றாராம் அண்ணி. திரும்பிவந்ததை உரித்து மறுபடியும் கோணலாகவே ஒட்டினாராம். மூன்றாம் நாள் மேஜையைச் சுற்றி நின்ற ஐந்து பேருக்கும் கண் மங்கிவிட்டது. அத்தனையையும் திருப்பி அனுப்பினால் சரக்கு தேங்கும் என்று சூப்பர்வைசரும் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிட்டாராம்.

"அந்த எழுத்தை நம்ம ஊருல யார் படிக்கப்போறா? கோணலா ஒட்டி என்ன பிரயோஜனம்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"நாங்களும் கேட்டோம். தெரியலன்னாங்க. மூட மட்டும் மனசு வரலன்னாங்க."

அண்ணி இதை வீட்டில் சொல்லவே இல்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று மாலை கரண்டிகளை மட்டும் அவர் வரிசைப்படி தொங்கவிட்டேன். கவனித்தாரா என்று தெரியாது.

பிறகு மற்ற எழுத்தைப் பொடியாக்கி, கடலை, மரபணு இரண்டும் இருக்கிற புதுச் சுருள் வந்தது. ஏன் மாற்றினார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பொடிசு பையில் இப்போது எப்போதும் அவசர ஊசி இருக்கிறது. அத்தை ஒட்டிய ஸ்டிக்கருக்கு அடியில் கடலை எழுத்து இருந்தது என்று அவளுக்கும் தெரியும். சோளம் சாப்பிடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான், அண்ணி, பொடிசு மூன்று பேரும் கடைத்தெருவில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். பாக்கெட் தின்பண்டம் வாங்கி மாதக்கணக்காகிவிட்டது, ஆசையாக இருக்கிறது என்று பொடிசு கெஞ்சினாள். சரி, பார்த்து எடு என்றேன். அவள் சிப்ஸ் அடுக்கின் முன்னால் நின்று ஒரே சரக்கில் இரண்டு பாக்கெட்டை எடுத்துத் திருப்பினாள். ஒன்றில் ஸ்டிக்கர் மயிரிழை பிசகாமல் இருந்தது. இன்னொன்றில் ஒரு பக்கம் சரிந்து, மேலே வெளிநாட்டு எழுத்தின் வால் தடிமனாக எட்டிப் பார்த்தது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நேராக இருந்ததை என் கையில் கொடுத்தாள். "இது அத்தை ஒட்டினது. வேண்டாம்மா" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. சாலையைக் கடக்கும்போது லாரி வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கோணலானதை அத்தையிடம் நீட்டினாள். "இது வேற யாரோ ஒட்டினது. இதைச் சாப்பிடலாம்."

அண்ணி பாக்கெட்டை வாங்கினார். சரிந்திருந்த ஸ்டிக்கரின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"அதுவும் நான் ஒட்டினதுதான்டி" என்றார்.

பொடிசு சிரித்துவிட்டாள். "பொய். நீ கோணலா ஒட்டவே மாட்டே."

அண்ணி என்னைப் பார்த்தார். எது சரி, எது ஆபத்து, பிள்ளைக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்த மாதிரி இருந்தது. ஆமாம், அத்தைதான் ஒட்டினார் என்று சொன்னால், எது அத்தை ஒட்டியது என்று அவளுக்கு இனி எப்போதுமே தெரியாது. இல்லை என்று சொன்னால், பயப்பட வேண்டியதெல்லாம் அத்தை ஒட்டியது என்று ஆகிவிடும்.

"அப்போ எதைத்தான் வாங்கறது?" என்றாள் பொடிசு.

நான் வாழைப்பழம் வாங்கலாம் என்றேன். அவள் முகம் தொங்கிப்போனது. அண்ணி இரண்டு பாக்கெட்டையும் அடுக்கில் திருப்பி வைத்தார். வைத்துவிட்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததை விரலால் தள்ளி, வரிசைக்கு நேராக்கிவிட்டு வந்தார்.